நாலாம் நம்பர் வீட்டு நற்சாட்சி

மதுரை, வளையல்காரச் சந்து
ஈஸ்வர வருஷம், புரட்டாசி 10

கொழும்பில் இருக்கும் என் அத்தான் அவர்களுக்கு விஜயம் பணிந்து எழுதியது. உடம்புக்கு நான் சுகம். மனசுக்கு எப்படி என்பது கடிதத்தைக் கடைசி வரை படித்தால் தெரியும். சாப்பாடு சேரவில்லை, எதை எடுத்தாலும் தேங்காய் எண்ணெய் வாசம் என்று எழுதியிருந்தீர்கள். மோர் மிளகாயும் பருப்புப் பொடியும் கட்டி வைத்திருக்கிறேன். மருந்துக் கடையிலிருந்து அங்கே விற்க உங்களுக்கு அடுத்த லேகியப் பெட்டி வரும்போது அதில் வைத்து அனுப்புவதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி மற்றக் கடைக்காரர்கள் போடும் நோட்டீசையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். இத்துடன் ஏழு வைத்திருக்கிறேன். இரும்புக் கலப்பைக்காரர் ஒருவர் "ஏர் பிடிக்கும் குடியானவச் சகோதரர்களே!" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் முழுக்க அழுதிருக்கிறார். பல் கட்டுகிறவர் தான் கட்டிய பல்லால் கரும்பு கடிக்கலாம் என்கிறார். கல்லுப்பட்டி பஸ்காரர் ஏறுகிற பேருக்கெல்லாம் வெற்றிலை பாக்கு இனாம் என்று போட்டதும், பழங்காநத்தத்து பஸ்காரர் எலுமிச்சம்பழமும் சேர்த்துத் தருவதாகப் போட்டுவிட்டார். இன்னும் பத்து நாளில் இலை போட்டுச் சாப்பாடே போடுவார்கள் போலிருக்கிறது. இவர்கள் எல்லோரைக் காட்டிலும் நம் மருந்துக் கடைக்கு நீங்கள் எழுதும் நோட்டீஸ்தான் படிக்க நன்றாக இருக்கிறது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை என்பது கீழே புரியும்.

வில்லாபுரத்திலிருந்து உங்கள் அக்கா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் ஓரகத்தியின் தங்கை மகள் ஜானு என்று ஒருத்தி இருக்கிறாளாம். சமைந்து இரண்டு வருஷமாம், நல்ல நிறமாம், வீணையும் வருமாம். எனக்கு எதற்கு மதினி இதெல்லாம் என்று கேட்டேன். "சும்மா சொல்லி வச்சேன், தம்பிக்கு எழுதையில நீயும் ஒரு வரி எழுது" என்றார்கள். எழுதிவிட்டேன். இதுதான் அந்த வரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை காலையில் நம் எதிர்வீட்டு ஜெயினம்பு துணி துவைக்கப் போகையில் வழக்கம்போலத் தன் மகனை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். எட்டு மாசத்துப் பிள்ளை உமர் என் இடுப்பில் உட்கார்ந்து தாலிக் கொடியைக் கடித்துக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயசு இருக்கும். காதில் தண்டட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், கால் முழுக்கப் புழுதி. பேர் ஒச்சம்மா, கல்லுப்பட்டிக்கு மேற்கே ஏதோ சிற்றூராம். மடியிலிருந்து ஒரு ரோஸ் காகிதத்தைப் பிரித்து நீட்டி, "இதுல போட்டிருக்க விசயம்மாங்கறது நீங்கதானா தாயி?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். என் பேர் அதுதானே!

உடனே என் காலில் விழுந்துவிட்டாள், அத்தான். எழுந்து உமரைப் பார்த்துக் கையை நீட்டி, "இதுதானா அந்தப் புள்ள? ஒரு தடவ தூக்கிக்கிறட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காகிதத்தை வாங்கிப் படித்தேன். நம் கடை புத்திரபூரணி லேகியத்தின் நோட்டீஸ். கீழே நற்சாட்சிப் பத்திரங்கள் என்று கட்டம் கட்டி, முதல் பத்திரமே என்னுடையது. "பத்து வருஷ காலம் மலடி என்று ஊரார் ஏசக் கண்ணீர் உகுத்த அடியாள், தங்கள் லேகியத்தில் மூன்றே டப்பா சாப்பிட்டு, சொக்கநாதன் என்னும் அழகிய ஆண் மகவை ஈன்றேன். சந்தேகம் உள்ளோர் நேரில் வந்து காணலாம். இங்ஙனம், ஸ்ரீமதி விஜயம் அம்மாள், நாலாம் நம்பர், வளையல்காரச் சந்து, தெற்குமாசி வீதி, மதுரை."

நமக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம்தானே, அதைப் பத்தாக்கியது நீங்களா, அச்சாபீஸ்காரரா? நேரில் வந்து காணலாம் என்று அழைப்பு வேறு! டவுன்காரர்கள் இதைப் படித்துவிட்டு பஜ்ஜி மடித்துப் போட்டுவிடுவார்கள். பட்டிக்காட்டு ஜனங்கள் அப்படி இல்லை. கன்றுக்குட்டி வாங்கினால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். பார்க்க வரலாம் என்று எழுதினால் பார்க்க வருவார்கள் என்று இத்தனை எழுதத் தெரிந்த உங்களுக்குத் தெரியாமல் போயிற்றே.

அதையும் விட்டுத் தள்ளுங்கள். அந்தப் பேர், அத்தான். நமக்குக் கல்யாணமான வருஷம் சித்திரைத் திருவிழாவில் கூட்டத்துக்கு நடுவே நின்று, நமக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று நீங்கள் என் காதில் சொன்ன பேர். அதை நான் என் தாயாரிடம்கூடச் சொன்னதில்லை. அதைக் கொண்டுபோய் ஐயாயிரம் காகிதத்தில் அச்சடித்து, தமுக்கு அடித்து, சந்தை சந்தையாக மாட்டு வண்டியில் வைத்து வீசச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? எனக்கு அழுகையாக வந்தது. ஒச்சம்மா அதைப் பார்த்து, நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தானும் அழுதாள்.

பிள்ளை என்னுடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் உங்கள் வேலை என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் பழத்தை வைத்துவிட்டு, பிள்ளைக்குத் திருஷ்டி கழித்துவிட்டு, "வாரேன் தாயி, இன்னைக்கே மருந்து வாங்கிட்டுப் போறேன்" என்று போய்விட்டாள். இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள்? மறுதபாலில் எழுதவும்.

தங்கள்
விஜயம்


மதுரை
ஐப்பசி 24

அத்தான் அவர்களுக்கு நமஸ்காரம். தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய சீலை வந்தது. பச்சை நிறம் எனக்குப் பிடிக்கும் என்று மறக்கவில்லையே, அதற்கு சந்தோஷம். கடிதமும் வந்தது. அதற்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை.

எல்லா மருந்துக் கடையிலும் நடக்கிற வழக்கம்தான் இது, நற்சாட்சிகளை எங்கேயும் நோட்டீஸ் எழுதுகிறவர்தான் எழுதுகிறார், முதலாளி நிஜமான விலாசம் ஒன்று வேண்டும் என்று அவசரப்படுத்தினார், கைக்கு வந்தது நம் விலாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது வந்தால் சிரித்துப் பேசி அனுப்பிவிடு, ஒரு பேர்தானே என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிரித்துப் பேசத்தான் செய்தேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இதுவரை பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒச்சம்மாவுக்குப் பிறகு முதலில் இரண்டு பேர் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதாக வந்தவர் ஒரு வயசான அம்மாள். மகளுக்காகத் திருமங்கலத்திலிருந்து நடந்தே வந்து வெயிலில் நின்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஜெயினம்புவிடம் போய் உமரைக் கொஞ்சம் தா என்று கேட்டேன். அவளுக்கு விஷயம் எல்லாம் தெரியும். "எம்மகனுக்கு இந்த வயசுல ரெண்டு பேரு, ரெண்டு ஆத்தாளா? குடுத்து வச்சவந்தேன்க்கா" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அவனுக்கு விபூதி பூசி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அது பிடித்திருந்தது. "ஒங்க புள்ள ஒங்க சாடைதான்" என்று அந்த அம்மாள் சொன்னபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. எட்டு வருஷமாக எந்த வளைகாப்பிலும் பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவள் நான். முதலில் ஒச்சம்மாவிடம் வாயடைத்து நின்றதாவது போகட்டும். இரண்டாவது தடவை நானே போய்ப் பிள்ளையை இரவல் வாங்கி வந்து நின்றேன். எத்தனை மாசம், எப்போது குப்புற விழுந்தான், என்ன கொடுக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் கூச்சமில்லாமல் பதிலும் சொன்னேன். அவர்கள் போன பிறகு வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் யாரும் வரவில்லையே என்று இருந்தது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

உங்கள் அக்கா தீபாவளிக்கு மறுநாள் திரும்பவும் வந்தார்கள். ஜானுவின் ஜாதகத்தைக் கையோடு கொண்டுவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்களுக்கும் தனியாக எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மறந்திருப்பீர்கள்.

முதலாளி கொழும்புக்கும் கண்டித் தோட்டங்களுக்கும் பத்தாயிரம் நோட்டீஸ் போடப்போகிறாராம். அதிலும் என் பத்திரம்தான் முதலில் வருமாம். "நம்ம சரக்குக்கு ஒங்க சம்சாரம் விலாசம்தான் ராசி" என்று உங்களுக்கு எழுதச் சொன்னார். வேறு எதையாவது எழுதுங்கள் அத்தான், கெஞ்சிக் கேட்கிறேன். லேகியத்தில் இருபத்தேழு மூலிகை என்று எழுதுங்கள், இமயமலைச் சாமியார் சொன்ன முறை என்று எழுதுங்கள். என்னை மட்டும் எடுத்துவிடுங்கள்.

தங்கள்
விஜயம்


மதுரை
கார்த்திகை 28

அத்தான் அவர்களுக்கு விஜயம் எழுதியது. இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். படித்த பிறகு திட்டலாம். முன்னாலேயே திட்ட ஆரம்பித்துவிட வேண்டாம்.

போன திங்கட்கிழமை ஒச்சம்மா திரும்பி வந்தாள். முதல் தடவை வந்தவளா இவள் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், நடையே தள்ளாடியது. காதில் தண்டட்டி இல்லை, வெறும் காது தொங்கியது. அதை விற்றுத்தான் மருந்து வாங்கியிருக்கிறாள். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். மோரில் உப்பு இருக்குமாம், பத்தியம் கெட்டுப்போகுமாம்.

நோட்டீசில் புளி ஆகாது என்று மட்டும்தானே போட்டிருக்கிறீர்கள்? அவள் புளியை விட்டாளாம். ஒரு மண்டலம் ஆகியும் ஒன்றும் இல்லையே என்று உப்பையும் விட்டாளாம். அப்புறம் ராச் சோற்றை விட்டாளாம். எதிரே உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஒங்களுக்கு மூணே டப்பால நின்னுருச்சே தாயி. நான் ஆறு தின்னுட்டேன். நான் எதுல தப்புனேன்? நீங்க செஞ்சு, காயிதத்துல போடாம விட்ட பக்குவம் ஏதாச்சும் இருக்கா? சொல்லுங்க, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

மருந்தின் மேல் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை அத்தான். பிள்ளையைத்தான் தன் கையாலேயே தூக்கிப் பார்த்துவிட்டாளே! தப்பெல்லாம் தன் உடம்பில் என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் வீட்டிலும் அதையே சொல்கிறார்களாம். மதுரைக்காரிக்குக் கேட்ட மருந்து உனக்குக் கேட்கவில்லை என்றால் அது நெலம் கெட்ட நெலம் என்று மாமியார் பேயம்மாள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவள் புருஷன் நல்லகாமனுக்குத் தை மாசம் வேறு பெண் கட்டுவதாகப் பேச்சாகிவிட்டதாம். ஒச்சம்மாவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பிறந்த வீட்டில் அவளுக்கு யாரும் இல்லை.

நான் சொல்லிவிட்டேன். எனக்குப் பிள்ளை கிடையாது, எட்டு வருஷமாகக் கிடையாது, அந்த லேகியத்தின் நிறம்கூட எனக்குத் தெரியாது, நீ தூக்கியது எதிர்வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவளோ, "அப்ப ஒங்களுக்கும் இல்லயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மோரை எடுத்துக் குடித்தாள். இன்னொரு லோட்டா கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு, "இதை எங்கூருக்கு வந்து சொல்லுவீகளா தாயி? நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாக" என்றாள்.

நான் போனேன் அத்தான். உங்களைக் கேட்டு எழுதிப் பதில் வர பத்து நாளாகும், அதற்குள் நிச்சயம் செய்துவிடுவார்கள். ஜெயினம்புவும் அவள் புருஷன் முகம்மது கனி அண்ணனும் துணைக்கு வந்தார்கள். உமரையும் தூக்கிக்கொண்டோம். வெற்றிலை பாக்கு கொடுக்கிற அந்த பஸ்ஸில்தான் போனோம். வெற்றிலை வாடல். கல்லுப்பட்டியில் இறங்கி இரண்டு மைல் நடந்தோம்.

ஊர் மந்தையில் வேப்பமரத்தடியில் ஆண்களும் பெண்களுமாக முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். அந்த ரோஸ் காகிதம் ஊரில் நாலைந்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் நடுவில் நின்று உண்மையைச் சொன்னேன், அதை எழுதியது கொழும்பில் இருக்கிற என் வீட்டுக்காரர் என்பதையும் சேர்த்து. ஒரு கிழவர், அப்போ இந்தப் பிள்ளை யாருடையது என்று கேட்டார். ஜெயினம்பு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் வந்து, "எம்புள்ளதேன். பேரு உமரு. லேகியமும் திங்கல, சூரணமும் திங்கல, கருவாட்டுக் கொழம்பு தின்னு பெத்தேன்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதில்தான் எனக்கு மூச்சு வந்தது.

நல்லகாமன் சிரிக்கவில்லை. ஓரமாகக் கைகட்டி நின்றிருந்தான். "அப்ப ஒங்க வீட்டுக்காரரு பொய்யாம்மா எழுதுனாரு?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "அவருக்கு அப்படி ஒரு பிள்ளை வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையைத்தான் எழுதினார். அதைக் கடைக்காரருக்குக் கொடுத்ததுதான் தப்பு" என்று சொன்னேன். உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று யோசித்துச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்றபோதுதான் எனக்கே அது தெரிந்தது. அதற்குப் பிறகு உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

அப்போது பேயம்மாள் எழுந்து வந்தாள். நல்ல உயரம், நல்ல குரல். "ஏத்தா, ஒனக்கும் வயிறு தெறக்கல. எட்டு வருசம்ங்குற. ஒம்புருசன் மட்டும் ஒன்னய வச்சுக்கிட்டா இருக்கப் போறான்? சீமைக்குப் போயிட்டான்ல? வரும்போது இன்னொருத்தியக் கூட்டியாருவான். எங்களுக்கு வந்து ஞாயம் சொல்ல வந்துட்டா!" என்றாள். ஒச்சம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி படத்துக்குக் கீழே இருக்கிற ஜாதகம் என் கண் முன்னால் வந்தது. உங்கள் கடிதத்தில் இல்லாத அந்த ஒரு வார்த்தையும் ஞாபகம் வந்தது.

கட்ட மாட்டார் என்றேன். எனக்குப் பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் அவர் இன்னொருத்தியைத் தேட மாட்டார், என்னை அனுப்பவும் மாட்டார் என்று சத்தமாகச் சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்றேன்.

நல்லகாமன் கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான். அவன் கெட்டவன் இல்லை அத்தான், தாயாருக்குப் பயந்தவன். கடைசியில் தலையைத் தூக்கி, "ஆத்தா, தையில ஒண்ணும் வேணாம். மதுரைக்காரவுக பேச்ச ஒரு தடவ நம்பிக் கெட்டாச்சு. இந்தத் தடவ நானே போயி அந்த ஆளக் கண்ணால பாத்து, வாயால கேட்டுட்டு வாரேன். அதுக்குப் பெறகு முடிவு பண்ணுவோம்" என்றான். ஊர்ப் பெரியவர்களும் அதுவே சரி என்றார்கள். என்றைக்கு வரலாம் என்று என்னைக் கேட்டார்கள். தைப்பூசத்துக்கு வாருங்கள், அவர் வீட்டில் இருப்பார் என்று சொல்லிவிட்டேன். விலாசமும் கொடுத்தேன். அது அவர்களுக்கு முன்பே தெரியும்.

முதலாளிக்கு விஷயம் எட்டிவிட்டது. சந்தைக்கு நோட்டீஸ் வண்டி ஓட்டுகிற காளை என்பவன் போய்ச் சொல்லியிருக்கிறான். நேற்றுக் கணக்குப்பிள்ளை வந்து, உங்கள் வேலையைப் பற்றி முதலாளி யோசிக்கிறார் என்று சொன்னார். யோசிக்கட்டும். அந்தப் பல்காரருக்கும் கலப்பைக்காரருக்கும் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். நான் இரண்டு பேரையும் கனி அண்ணனைக் கொண்டு விசாரித்து வைத்திருக்கிறேன். கரும்பு கடிக்கலாம் என்பதை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம்.

என்னைக் கேட்காமல் என் பேரில் நீங்கள் ஒரு நற்சாட்சி எழுதினீர்கள். உங்களைக் கேட்காமல் உங்கள் பேரில் நான் ஒரு நற்சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உங்களுடையது பொய் என்று நாற்பது பேர் முன்னால் ஒத்துக்கொண்டு வந்தேன். என்னுடையது மெய்யா பொய்யா என்று எனக்குத் தெரியாது அத்தான். கப்பல் ஏறினால் தைப்பூசத்துக்குள் வந்துவிடலாம். நல்லகாமன் வெயிலில் நடந்து வந்து வாசலில் நின்று கேட்பான். அவனுக்குப் பின்னால் அவளும் நிற்பாள். நான் அடுப்படியில்தான் இருப்பேன், வெளியே வர மாட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது எனக்கும் கேட்கும்.

சொக்கரும் அம்மனும் உங்களைச் சுகமாகக் கரை சேர்க்க வேண்டும்.

தங்கள்
விஜயம்